பீமனின் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவு நெடுகப் பாண்டவர்கள் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். இடுக்கியில் குட்டிக்கானத்துக்கு அருகே பாஞ்சாலிமேடு என்றொரு குன்று. அங்குள்ள ஒரு குளத்தைப் பாஞ்சாலி குளித்த குளம் என்று காட்டுவார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறிப் போனால் வரும் மறையூருக்கு, வனவாச காலத்தில் ஐவரும் மறைந்திருந்த ஊர் என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். பாறை மேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பார்த்தபடி அந்தக் கதையைக் கேட்டால் நம்பத்தான் தோன்றும். பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கின் நடுக்காட்டுக்குச் சைரந்திரி என்று பெயர். விராடன் அரண்மனையில் வேலைக்காரியாக ஒளிந்திருந்தபோது திரௌபதி வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தக் காட்டுக்குள்ளிருந்து இறங்கும் ஆற்றின் பெயர் குந்திப்புழை.

குந்திப்புழை மண்ணார்க்காடு வழியாக ஓடி, தூதப்புழை என்று பெயர் மாறி, பாரதப்புழையில் கலக்கிறது. கலக்குமிடம் கூடல்லூர். பீமனைப் பெற்றவளின் பெயரைச் சுமந்த தண்ணீர் வந்து சேரும் அந்த ஊரில்தான், 1933-இல், எம்.டி. வாசுதேவன் நாயர் பிறந்தார். அவருடைய ‘ரண்டாமூழம்’ நாவல் 1984-இல் புத்தகமாக வந்தது. தமிழில் அதைக் குறிஞ்சிவேலன் ‘இரண்டாம் இடம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். சாகித்திய அகாதெமி வெளியீடு. கோடிக்கணக்கானவர்கள் கையெடுத்துக் கும்பிடும் ஒரு நூலை எடுத்து, அதிலிருந்து ஒரு நவீன நாவலை எப்படி உண்டாக்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான்.

ஆற்றோடு இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கிறது. லக்கிடிக்கு எதிர்க்கரையில், திருவில்வாமலைப் பக்கம், ஐவர்மடம் என்ற சுடுகாடு இருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் மாண்ட உறவினர்களுக்குப் பாண்டவர்கள் கருமம் செய்த இடம் என்பது நம்பிக்கை. இன்றைக்கும் தொலைதூரத்திலிருந்து அங்கே உடல்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். இக்கரையில், லக்கிடியின் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் குஞ்சன் நம்பியார். சாக்கியார் கூத்துக்கு மிழாவு வாசித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டார் என்றும், மேடையிலிருந்த சாக்கியார் எல்லார் முன்னாலும் கேலி செய்தார் என்றும், மறுநாளே அதே கோயில் வளாகத்தில் நம்பியார் துள்ளல் என்று புதிதாக ஒரு ஆட்டத்தோடு வந்து கூட்டத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அம்பலப்புழையில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்த முதல் துள்ளலின் கதை ‘கல்யாண சௌகந்திகம்’. திரௌபதி கேட்ட பூவைத் தேடிப் போகும் பீமன், வழியில் கிடக்கும் கிழக்குரங்கின் வாலைத் தூக்கமுடியாமல் திணறுகிற கதை. அந்தக் குரங்கு அவனுடைய அண்ணன் அனுமன்.

ஒரே ஆற்றங்கரை, ஒரே பீமன். நம்பியார் அவனை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆற்றின் போக்கில் கொஞ்சம் கீழே பிறந்த ஒருவர் அவனைப் பேச வைத்தார். இரண்டுக்கும் மூலம் வியாசர்தான்.

நமக்கும் பீமனைத் தெரியும். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்த வட தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, தெருக்கூத்தில் அவன் திரைக்குப் பின்னாலிருந்து கொடுக்கும் கனைப்பு காதிலேயே நிற்கும். படுகளத்தன்று மண்ணில் கிடத்திய துரியோதனனின் தொடையை அவன் அடிக்கும்போது ஊரே ஆர்ப்பரிக்கும். ஆனால் அவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்டதில்லை. சாப்பாடு, கதாயுதம், கோபம் இந்த மூன்றுக்குள் அவனை அடக்கிவிட்டோம். தருமனுக்குத் தத்துவம் இருக்கிறது. அர்ஜுனனுக்குக் கீதை இருக்கிறது. கர்ணனுக்கு நம் கண்ணீர் முழுவதும் போய்விட்டது.

எம்.டி. அந்த ஆளுக்குள் எப்படிப் போனார் என்பதற்கு என்னிடம் ஒரு வாசிப்பு இருக்கிறது. கூடல்லூர் வீட்டில் அவர் கடைசிப் பிள்ளை. அப்பாவுக்கு இலங்கையில் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்தும் உடனே கல்லூரிக்குப் போக முடியவில்லை. அண்ணன் படித்துக்கொண்டிருந்தார்; ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குப் பணம் கட்ட வீட்டுக்கு வழியில்லை. காத்திருந்து 1949-இல்தான் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் சேர்ந்து, 1953-இல் வேதியியலில் பட்டம் வாங்கினார். ‘ரண்டாமூழம்’ என்றால் இரண்டாவது முறை. மூத்தவனுக்கு முடிந்த பிறகு வருகிற முறை. ராஜ்யமோ, மனைவியோ, மரியாதையோ எதுவானாலும் அண்ணனுக்குப் பிறகுதான் என்று நிற்கும் ஒருவனின் மனசு, அண்ணன் படித்து முடிக்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அதற்காக வாழ்க்கை அனுபவத்தை எடுத்துப் பீமன் மேல் போர்த்தினார் என்று சொன்னால் நாவலுக்கு அநியாயம். அதற்கு முன்னால் படிப்பு இருந்தது. கொடுங்கல்லூர் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் வியாச பாரதம் முழுவதையும் செய்யுளுக்குச் செய்யுளாக மலையாளத்தில் 874 நாட்களில் பெயர்த்து முடித்தவர். ஒரு லட்சம் சுலோகம் என்று வாயால் சொல்லிவிடலாம்; நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் என்று கணக்குப் போட்டால்தான் அந்த உழைப்பின் அளவு தெரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அச்சேறியதும், சம்ஸ்கிருதம் தெரியாத மலையாளிக்கும் மூல பாரதம் கைக்கெட்டியது. கும்பகோணத்தில் ம.வீ. ராமானுஜாசாரியர் இருபத்தைந்து ஆண்டுக்கால உழைப்பில் நமக்குச் செய்துகொடுத்தது இதே காரியத்தைத்தான். ஆங்கிலத்தில் கிசாரி மோகன் கங்குலியின் மொழிபெயர்ப்பு 1883 முதல் 1896 வரை கல்கத்தாவில் வெளிவந்திருந்தது. தம்புரானும் கங்குலியும் எம்.டி.யின் மேஜை மேல் இருந்த நூல்கள்.

இன்னொரு புத்தகத்தையும் சொல்ல வேண்டும். குட்டிகிருஷ்ண மாராரின் ‘பாரத பர்யடனம்’, 1950. பாரத பாத்திரங்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து, தருமம் உன் பக்கம் இருந்தது என்கிறாயே, எங்கே காட்டு என்று கேட்கிற கட்டுரைகள். மாராரும் கோழிக்கோடு மாத்ருபூமியில் பணியாற்றியவர், எம்.டி. 1950-களின் பிற்பகுதியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இதிகாசத்தைக் கும்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்கலாம் என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகம். பி.கே. பாலகிருஷ்ணனின் ‘இனி ஞான் உறங்ஙட்டே’ 1973-இல் வந்தது; கர்ணனையும் திரௌபதியையும் பற்றிய நாவல். கன்னடத்தில் எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’ 1979-இல் வந்தது. பாவண்ணன் அதைத் தமிழில் ‘பருவம்’ ஆக்கினார். ஆகவே எம்.டி. ஆளில்லாத காட்டுக்குள் போகவில்லை. பாதை போட்டிருந்தார்கள்.

ஆனால் எழுதியே தீரவேண்டும் என்ற நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. 1977-இன் இறுதியில் அவர் கடுமையாக நோயுற்றார். சாவு பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனது. மீதி இருக்கும் நாட்களில் இதையாவது முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது என்பதை நாவலின் பின்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பின்னுரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பலச்ருதி’. பாராயணம் முடிந்ததும் கேட்டவர்களுக்கு என்ன பலன் என்று சொல்லும் பகுதிக்கு மரபில் உள்ள பெயர். நாற்பதுகளின் நடுவில், ‘நாலுகெட்டு’, ‘காலம்’ இரண்டுக்கும் பெரிய விருதுகள் வாங்கி, ‘நிர்மால்யம்’ படத்துக்குத் தேசிய விருதும் வாங்கியவர், இடிந்த தறவாடுகளை, அந்தப் பழைய கூட்டுக்குடும்ப வீடுகளை, விட்டுவிட்டு இதிகாசத்துக்குப் போனார். அங்கேயும் அவர் கண்டது இடிந்துகொண்டிருந்த ஒரு தறவாட்டைத்தான் என்று எனக்குத் தோன்றும். பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை, மூத்தவன் அதிகாரம், வாய்திறக்காத அம்மா, எங்கேயோ இருக்கும் அப்பா.

அவர் தனக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை என்ன என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அதையும் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்கிறார்: வியாசர் போட்ட கட்டுக்கோப்பைத் தான் மாற்றவில்லை, அவர் மௌனமாக இருந்த இடங்களில் மட்டும் சற்று உரிமை எடுத்துக்கொண்டதாக. கேட்க எளிமையாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். எங்கே மௌனம் என்று தெரிய வேண்டுமானால் எங்கே பேச்சு இருக்கிறது என்று முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டுப் பர்வமும் கையில் இல்லாதவருக்கு இந்த உரிமை கிடையாது.

ஓர் இடத்தைப் பார்ப்போம். காசி நாட்டு இளவரசி பலந்தரை பீமனின் மனைவியரில் ஒருத்தி. ஆதிபர்வத்தின் வம்சக் கணக்கில் அவளை மணந்தான், அவளிடம் ஒரு மகன் பிறந்தான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வியாசர் நகர்ந்துவிடுகிறார். அவள் எப்படி இருந்தாள், பீமனோடு என்ன பேசினாள், பெயர்பெற்ற வில்லாளிகள் இருந்த வீட்டில் சாப்பாட்டுக்குப் பேர்போன இரண்டாமவனுக்கு வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா, எதுவும் இல்லை. எம்.டி.யின் நாவலில் அவளுக்கு முகமும் குரலும் இருக்கின்றன. அதேபோல் போர்க்களத்தில் பீமனின் தேரோட்டி விசோகன். கிருஷ்ணன் ஓட்டிய தேரைப் பற்றித்தான் உலகமெல்லாம் பேச்சு. அந்தப் பக்கத்துத் தேரை ஓட்டியவனுக்கு மூலத்தில் பெயர் இருக்கிறது. பெயரைத் தாண்டி அதிகம் இல்லை. நாவலில் அவன் பீமனுக்குத் தோழன்.

மௌனம் என்றால் சொல்லாதது மட்டுமில்லை. சொல்லியிருந்தும் நாம் கேட்காமல் விட்டதும் உண்டு. விராட பர்வத்தில் ஓர் இரவு. கீசகன் சபையில் எல்லார் எதிரிலும் திரௌபதியை எட்டி உதைத்துவிட்டான். தருமன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றிரவு அவள் போய் எழுப்புவது அர்ஜுனனையில்லை. மடைப்பள்ளிக்குப் போகிறாள். சமையல்காரன் வல்லவனாக அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் பீமனை எழுப்புகிறாள். அரசிக்குச் சந்தனம் அரைத்து அரைத்துக் காய்ப்புக் காய்த்துப் போன தன் கைகளைக் காட்டுகிறாள். பீமன் அந்தக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறான். இது எம்.டி. எழுதியதில்லை, வியாசர் எழுதியது. கதாயுதத்தோடு பல்லைக் கடிக்கும் பீமனைப் படத்தில் பார்த்துப் பழகிய நாம், மனைவியின் கைக்காய்ப்பை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுத பீமனை மூலத்திலேயே கடந்து போய்விட்டோம்.

சௌகந்திகப் பூவும் அப்படித்தான். காற்றில் வந்து விழுந்த ஒரு பூவைக் கண்டு ஆசைப்பட்டு, இதுபோல் இன்னும் கொண்டுவா என்று அவனைக் காட்டுக்குள் அனுப்புகிறாள். கையிலிருக்கும் அந்த முதல் பூவைத் தருமனுக்குக் கொடுக்கப்போவதாக அந்த வாயாலேயே சொல்கிறாள். வியாசர் அந்த வாக்கியத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். குஞ்சன் நம்பியார் அங்கிருந்து சிரிப்புக்கு வழி கண்டார். எம்.டி. அந்த வாக்கியத்தில் நின்றார். மலையேறி, சண்டை போட்டு, பூவோடு திரும்பும் ஒருவனை நினைத்துப் பார்த்தார். அவள் மனம் அதற்குள் வேறெங்கோ போயிருக்கிறது.

பீமனின் மகன் கடோத்கசனின் சாவு இன்னும் கனமானது. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை அர்ஜுனனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கர்ணன், வேறு வழியில்லாமல் அதைக் கடோத்கசன் மேல் எறிகிறான். பாண்டவப் படை அழுகிறது. கிருஷ்ணன் மட்டும் தேர்த்தட்டில் ஆனந்தக் கூத்தாடுகிறான். ஏன் என்று அர்ஜுனன் கேட்க, நீண்ட விளக்கம் தருகிறான். தருமன் புலம்புகிறான். பெற்ற தகப்பனின் துக்கத்துக்கு வியாசர் தனியாகப் பெரிய இடம் ஒதுக்கவில்லை. அபிமன்யு இறந்தபோது மண்ணும் விண்ணும் சபதத்தில் அதிர்ந்தன; காட்டுக்காரி பெற்ற பிள்ளை இறந்தபோது கணக்கில் லாபம் என்றார்கள். இந்த இடத்தைப் பீமன் தன் வாயால் சொல்லும்படி எழுதியதுதான் நாவலிலேயே பெரிய சாதனை என்பேன். ஒரு வரிகூட மூலத்துக்கு முரணாக எழுத வேண்டிய அவசியம் அங்கே இருக்கவில்லை.

நாவல் தொடங்குவது கதையின் கடைசியில். துவாரகை கடலில் மூழ்கிவிட்டது. ஐவரும் திரௌபதியும் மரவுரி உடுத்து வடக்கே நடக்கிறார்கள். மகாப்பிரஸ்தானிக பர்வம் மூன்றே அத்தியாயம் கொண்ட சிறிய பர்வம். அதில் முதலில் விழுபவள் திரௌபதி. தருமன் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் ஏன் விழுந்தாள் என்று கேட்பவன் பீமன். அர்ஜுனன் மேல் அதிகப் பற்று வைத்தாள், அதனால்தான் என்று நடந்துகொண்டே பதில் சொல்கிறான் தருமன். பிறகு சகாதேவன் விழ, பீமன் கேட்கிறான். நகுலன் விழ, கேட்கிறான். அர்ஜுனன் விழ, கேட்கிறான். கடைசியில் தானே விழும்போதும் கேட்கிறான். நீ அளவுக்கு மேல் தின்றாய், பலத்தைச் சொல்லிப் பெருமையடித்தாய் என்று பதில் கிடைக்கிறது. விழுந்த ஒவ்வொருவருக்காகவும் குரல் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். வியாசர் அந்தக் கேள்விகளை அவன் வாயில் வைத்தார். எம்.டி. அவனை இன்னும் ஒரு படி நகர்த்தினார்: நாவலில் பீமன் யாத்திரை நெறியை மீறி நின்று, திரும்பி, விழுந்தவளிடம் போகிறான். அந்தத் திரும்பலிலிருந்துதான் மீதி நாவல் முழுவதும் அவன் குரலில் வருகிறது.

எம்.டி.யின் நிபந்தனை எல்லா இடத்திலும் காப்பாற்றப்பட்டதா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பீமன் வாயுபுத்திரன் என்கிறது மூலம். நாவலில், எல்லாம் முடிந்த பிறகு, குந்தி அவனிடம் உண்மையைச் சொல்கிறாள்: காற்றைப்போல் காட்டிலிருந்து வந்து போன, பெயர் தெரியாத ஒரு காட்டு மனிதன்தான் தகப்பன். வாழ்நாள் முழுவதும் காற்றுக்கடவுளின் பிள்ளை என்று நெஞ்சு நிமிர்த்தியிருந்தவனுக்கு அந்த வயதில் கிடைக்கும் பிதுரார்ஜிதம் அது. இது வியாசரின் மௌனத்தில் எடுத்த உரிமையா, அவர் பேச்சை மறுத்ததா? பக்தியோடு பாரதம் படிக்கும் ஒருவர் இரண்டாவது என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. தெய்வங்களையெல்லாம் மனிதர்களாக இறக்கிவிட்டால் கிருஷ்ணன் சூழ்ச்சி தெரிந்த ஒரு அரசியல்வாதியாகச் சுருங்கிவிடுகிறான். மூலத்தில் அவனிடம் இருக்கும் புரிபடாத தன்மை நாவலில் இல்லை. ஆனால் குந்தியின் பக்கம் நின்று பார்த்தால் எம்.டி. தொட்டது வியாசரே திறந்து வைத்த கதவு. மூத்த பிள்ளையை ஆற்றில் விட்டுவிட்டு, போர் முடியும்வரை மற்றப் பிள்ளைகளிடம் வாய் திறக்காமல் இருந்தவள் அவள் என்று சொன்னவரே வியாசர்தான். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் இன்னொரு ரகசியமும் இருந்திருக்கலாம் என்று நினைப்பதில் பாவமில்லை.

வேதாகமத்தை வைத்து இதே வேலையை ஜெர்மன் மொழியில் ஒருவர் செய்தார். தாமஸ் மன். ஆதியாகமத்தில் சில அத்தியாயங்களே வரும் யோசேப்பின் கதையை எடுத்து, 1933-க்கும் 1943-க்கும் இடையில் நான்கு பெரிய நாவல்களாக எழுதி வெளியிட்டார். அவரும் கதையின் போக்கை மாற்றவில்லை; அடிமையாக விற்கப்பட்டவன் எகிப்தில் உயர்வதும், அண்ணன்மார் பஞ்சத்தில் வந்து நிற்பதும் அப்படியே இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்ன இடங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினார். தமிழில் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் அகலிகையிடம் தங்கினார். மாதவியிடம் எம்.வி. வெங்கட்ராம் ‘நித்யகன்னி’யில் தங்கினார். பாரதக் கதை முழுவதிலுமே ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை தங்கி, ‘வெண்முரசு’ என்று இருபத்தாறு நாவல்கள் எழுதி முடித்தார்.

மகாபாரதத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. அது தன்னைப் பற்றியே, பலர் வாய்வழி வந்த கதை என்று சொல்லிக்கொள்கிறது. வியாசர் சொன்னார், வைசம்பாயனர் ஜனமேஜயனின் வேள்வியில் சொன்னார், அங்கே கேட்ட சூதர் உக்கிரசிரவஸ் நைமிசாரண்யத்து முனிவர்களுக்குச் சொன்னார். 8,800 சுலோகத்தில் இருந்த ‘ஜயம்’ வளர்ந்து 24,000 ஆகி, பிறகு ஒரு லட்சம் ஆனது என்பது மரபு. பூனா பண்டார்கர் நிறுவனத்தார் செம்பதிப்புக்காக 1,259 சுவடிகளை ஒப்பிட்டார்கள். 1919-இல் தொடங்கிய வேலை 1966-இல் முடிந்தது. அடுத்தவன் வந்து சேர்ப்பான் என்று தெரிந்தே கட்டப்பட்ட வீடு அது.

எல்லாப் புனித நூலுக்கும் இந்த இடம் கிடைப்பதில்லை. ‘ரண்டாமூழம்’ வெளியான இரண்டு ஆண்டுகளில், 1986-இல், அதே கேரளத்தில் பி.எம். ஆன்டணியின் ‘கிறிஸ்துவின் ஆறாம் திருமுறிவு’ நாடகம் தடை செய்யப்பட்டது. கசான்ட்சாகிஸின் நாவலைத் தழுவி ஏசுவை மனிதத் தடுமாற்றங்களோடு காட்டிய நாடகம். ஒரே மண், ஒரே வாசகர்கள், ஒரே பத்தாண்டு. கடவுளை மனிதனாக எழுதிய ஒன்று விருது வாங்கியது, இன்னொன்றுக்குத் தடை வந்தது. ஒரு நூலைச் சுற்றி எத்தனை வாய்கள் கதை சொல்லிப் பழகியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இடம் அமைகிறது. சாக்கியாரும் நம்பியாரும் நூற்றாண்டுக்கணக்கில் கோயில் வாசலிலேயே பீமனைக் கேலி செய்திருக்காவிட்டால் எம்.டி.க்கு அவனைப் பற்றி இப்படி எழுத முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நாவல் முதலில் ‘கலாகௌமுதி’ வார இதழில் தொடராக வந்தது. ஓவியம் நம்பூதிரி. பொன்னானிக்காரர், அவரும் பாரதப்புழை கடலில் சேரும் பக்கத்து ஆள்தான். ஒற்றைக் கோட்டில் பருத்த தோளும் நீண்ட கழுத்துமாக அவர் வரைந்த பீமனும் திரௌபதியும் நாற்பது ஆண்டுகள் கழித்தும் மலையாளிகளின் கண்ணில் நிற்கிறார்கள். எழுத்துக்கும் கோட்டுக்கும் அப்படிப் பொருந்திய தொடர் மலையாளத்தில் குறைவு. 1985-இல் நாவலுக்கு வயலார் விருது. 1995-இல் எம்.டி.க்கு ஞானபீடம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல், ஆயிரம் கோடி ரூபாய் செலவில் மோகன்லால் பீமனாக நடிக்க நாவல் படமாகப் போகிறது என்று அறிவித்தார்கள். படத்தின் பெயர் ‘மகாபாரதம்’ என்றதும் எதிர்ப்பு வந்தது. இந்து ஐக்கிய வேதியினர், மகாபாரதம் என்ற பெயர் வியாசர் எழுதியதற்கே உரியது, நாவலைப் படமாக்கினால் நாவலின் பெயரையே வையுங்கள் என்றார்கள். எதிர்ப்பின் தொனியை விட்டுவிட்டு அந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அது எம்.டி.க்கு உடன்பாடான வாதம்தான் என்று நினைக்கிறேன். அவர் தன் புத்தகத்துக்கு மகாபாரதம் என்று பெயர் வைக்கவில்லை. பீமனின் முறை இது என்று மட்டும்தான் பெயர் வைத்தார். படம் வரவில்லை. இயக்குநரோடு வழக்கு நடந்து, 2020-இல் சமரசமாகி, திரைக்கதை எம்.டி.யிடமே திரும்பி வந்தது. 2024 டிசம்பர் 25 அன்று அவர் கோழிக்கோட்டில் காலமானார்.

பீமனிடம் கற்ற வேலையை அவர் அதற்கு முன்பே இன்னொருவனுக்குச் செய்து கொடுத்திருந்தார். வடக்கன் பாட்டுகளில் வரும் சந்து, மச்சுனன் ஆரோமல் சேகவரைக் குத்துவிளக்குத் தண்டால் குத்திக் கொன்ற துரோகி. ‘சதியன் சந்து’ என்பது வட மலபாரில் தலைமுறை தலைமுறையாக வழங்கிய வசை. 1989-இல் எம்.டி. எழுதி ஹரிஹரன் இயக்கிய ‘ஒரு வடக்கன் வீரகதை’யில் பாட்டில் உள்ள சம்பவங்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன. அங்கம் என்னும் வாள்போர் நடக்கிறது, விளக்குத் தண்டு குத்துகிறது, ஆரோமல் சாகிறான். பாட்டு பார்க்காத பக்கத்தில் நின்று அதை மறுபடி பார்த்தார்கள். படம் வெளியான பிறகு மலையாளிகள் சந்துவின் பெயரைச் சொல்லும்போது துரோகி என்ற சொல்லைக் கூடச் சேர்ப்பது குறைந்துபோனது.